சமையலறையில் நீராவி

வரதய்யபாளையத்தைச் சுற்றி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. அடுப்பில் ஏற்றும் பழைய பிரஷர் குக்கரே போதுமா, அன்றி மின்சாரத்தால் இயங்கும் புதிய குக்கரை வாங்கலாமா என்பதே அது. ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் முறைமாற்றி வேலை செய்வோரும், தடா நிலையத்தில் விடியற்கால வண்டியைப் பிடிப்போரும் பெருகிவிட்ட இந்நாளில் இவ்வினா எழுவது இயல்பே. விடை காண விரும்புவோர் அப்பாத்திரத்தின் வரலாற்றை முதலில் சிறிது அறிதல் நலம். ரயில்வே உத்தியோகத்தில் காலம் கழிக்கும் நமக்கு அவ்வரலாற்றில் தனிப் பற்றும் உண்டு. குக்கரும் நீராவி எஞ்சினும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அன்றோ!

பிரான்சு நாட்டில் 1647-இல் பிறந்த டெனிஸ் பாப்பின் என்னும் அறிஞர் 1679-இல் லண்டனில் ஒரு கலத்தை அமைத்தார். இறுக மூடிய அக்கலத்தில் நீருடன் எலும்பை இட்டு வேகவைத்தால் எலும்பும் குழைந்துவிடும். ஆனால் அடைபட்ட நீராவி கலத்தையே பிளந்துவிடக் கூடுமே! அதற்கு அவர் கண்ட உபாயம், மூடியில் ஒரு துளையிட்டு, எடை தொங்கவிட்ட நெம்புகோலால் அத்துளையை அழுத்தி வைத்ததாகும். நீராவியின் வேகம் எல்லை மீறினால் எடை தானே மேலெழும். மிகுந்த ஆவி வெளியேறும். உலகின் முதற் பாதுகாப்பு வால்வு இவ்வாறு ஒரு சமையற்பாத்திரத்தின் மேல்தான் பிறந்தது. 1682 ஏப்ரல் 12 அன்று ராயல் சொசைட்டி அறிஞர்கள் இக்கலத்தில் சமைத்த விருந்தை உண்டதை ஜான் ஈவ்லின் என்பார் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். நீராவியைக் கொண்டு உருளையில் தண்டை இயக்கலாம் என்ற கருத்தையும் பாப்பின் 1690-இல் வெளியிட்டார். அவ்வழி வளர்ந்ததே நீராவி எஞ்சின்.

இதன் தத்துவம் எளியது. கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும். எத்துணை விறகை எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது. மூடிய கலத்தில் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தம் கூடினால், நீர் ஏறக்குறைய 121 டிகிரியில்தான் கொதிக்கும். துவரம் பருப்பும் கொண்டைக்கடலையும் விரைவில் குழைவதன் காரணம் இதுவே. உதகை போன்ற மலைநகர்களில் நீர் 100 டிகிரியை எட்டுமுன்னரே கொதித்துவிடுவதால், அங்கே குக்கரின் உதவி இன்னும் பெரிது.

இவ்விரு உடன்பிறப்புக்களில் எஞ்சின்தான் நம் நாட்டிற்கு முதலில் வந்தது. 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கித் தென்னாட்டின் முதற் பயணிகள் வண்டி புறப்பட்டது. சமையலறைக்கோ பிரஷர் குக்கர் வரவில்லை. 1910-இல் கல்கத்தாவின் இந்துமாதவ மல்லிக் என்னும் மருத்துவர் ‘இக்மிக்’ குக்கரை உருவாக்கினார். தமிழ் இல்லங்களிலோ ருக்மணி குக்கர் புகழ் பெற்றிருந்தது. இவை கீழே கரி நெருப்பும் மேலே அடுக்குப் பாத்திரங்களும் கொண்டு ஆவியில் வேகவைப்பவை. அழுத்தத்தால் சமைப்பவை அல்ல. 1959-இல்தான் டி.டி.கே. குழுமத்தார் பிரிட்டனின் பிரெஸ்டீஜ் நிறுவனத்தாரின் கூட்டுறவுடன் இந்நாட்டில் பிரஷர் குக்கர் உற்பத்தியைத் தொடங்கினர். ஹாக்கின்ஸ் நிறுவனம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. எஞ்சின் வந்து 103 ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் மூத்த உடன்பிறப்பு நம் அடுப்பங்கரையில் அடி வைத்தது!

இரண்டிற்கும் காவல் முறையும் ஒன்றே. நீராவி எஞ்சினின் நெருப்புப் பெட்டிக்கு மேல் ஈயம் நிரப்பிய திருகு ஒன்று இருக்கும். கொதிகலத்தில் நீர் வற்றினால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து, ஆபத்தை அறிவிக்கும். நம் குக்கர் மூடியிலுள்ள ‘சேப்டி வால்வு’ அதே தொழிலைச் செய்கின்றது. ஆயினும் எஞ்சினைக் காக்க டிரைவரும் பயர்மேனும் சம்பளம் பெற்று நின்றனர். குக்கரைக் காத்தவர் யார்? நம் இல்லத்துப் பெண்மக்களே. குழந்தைக்குத் தலை வாரும்போதும், வாசலில் பால்காரரிடம் கணக்குப் பேசும்போதும், அவர்தம் காது சமையலறையின் விசிலை எண்ணிக்கொண்டிருந்தது. எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத உழைப்பு இது.

மின்சாரக் குக்கர் இக்காவலைத்தான் தன் மேல் ஏற்றுக்கொண்டது. 1955-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானே நிற்கும் மின்சாரச் சோற்றுக் குக்கரை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1991-இல் சீனாவில் மின்சாரப் பிரஷர் குக்கருக்குக் காப்புரிமை கோரப்பட்டது. 2010-இல் கனடாவிலிருந்து வந்த ‘இன்ஸ்டன்ட் பாட்’ அதனை உலகெங்கும் பரப்பிற்று. வெப்பத்தையும் அழுத்தத்தையும் கருவியே அளந்து மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் நடத்துகின்றது; அழுத்தம் தணியும் வரை மூடி திறவாதபடி பூட்டும் உண்டு.

இதன் நன்மைகள் தெளிவானவை. விசில் எண்ண வேண்டுவதில்லை. அடுப்பை அணைக்க மறப்போமோ என்ற அச்சமில்லை. செவி மங்கிய முதியோர்க்கும், தனித்து வாழும் இளைஞர்க்கும், இரவு வேலை முடித்து வருவோர்க்கும் இது நல்ல துணை. கோடையில் சமையலறை வெப்பமும் சற்றுக் குறையும்.

குறைகளும் உள. மின்சாரம் நின்றால் சமையலும் நிற்கும். பெரும்பாலானவை 10 முதல் 12 பவுண்டு அழுத்தத்திலேயே இயங்குவதால் பருப்பு வேகக் கூடுதல் நேரமாகும். சூடேறவும் ஆவி தணியவும் ஆகும் நேரம் வேறு. அவசரத்திற்கு அடுப்புக் குக்கரைக் குழாய் நீரில் காட்டிக் குளிர்விப்பதுபோல் இதனைச் செய்தல் ஆகாது. விலையும் அதிகம். பழைய குக்கருக்கு வளையமும் வால்வும் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும்; மின்சாரக் குக்கர் பழுதானால் அதனை அறிந்த கைகளைத் தேட வேண்டும். தாளிதமும் நல்ல வதக்கலும் இரும்புச் சட்டியில் அமைவதுபோல் இதில் அமைவதில்லை.

ஆதலின் நம் கருத்து இதுவாகும். அடுப்பருகே நிற்க ஆளில்லாத வீட்டிற்கு மின்சாரக் குக்கர் தகுந்த செலவே. ஆள் உள்ள வீட்டிற்கு அஃது ஒரு வசதி மட்டுமே. அண்டை வீட்டில் உள்ளது என்பதற்காக வாங்க வேண்டுவதில்லை. வாங்கிய வீட்டாரும் பழைய குக்கரை எடைக்குப் போட்டுவிடலாகாது. மின்வெட்டு நாளில் அதுவே சோறிடும்.

எதனைக் கொண்டாலும் பாப்பின் கற்பித்த பாடத்தை மறவாதிருப்போம். அடுப்புக் குக்கர் வாங்குங்கால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காண்க, 2021 பிப்ரவரி முதல் அது சட்டப்படி கட்டாயமாகும். பருப்பு வகைகளைப் பாதிக் கலத்திற்கு மேல் நிரப்பற்க. ஆவித் துளையில் பருக்கை அடைத்துள்ளதா என்று ஒவ்வொரு முறையும் ஒளியில் பிடித்துப் பார்க்க. இறுகிப்போன வளையத்தை உடனே மாற்றுக. ஆவி தணியுமுன் மூடியை வலிந்து திறவற்க. இவற்றைப் பார்க்கும் பொறுப்பை வீட்டின் ஆடவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வராயின், 1959 முதல் விசிலுக்குக் காது கொடுத்து வந்த நம் தாய்மார்க்கும் சகோதரிமார்க்கும் சிறிது ஓய்வு கிட்டும். அந்த ஓய்வை எந்தப் பாத்திரமும் தானாகத் தந்துவிடாது. நாம்தான் தர வேண்டும்.