திருக்கோடிகாவில் செம்பியன் மாதேவியார் காத்த அறம்

திருவிழாக் காலங்களில் தலங்கள்தோறும் சென்று தொழும் நாம், மூலவரை வணங்கி, திருச்சுற்றை வலம் வந்து, திருநீறு பெற்று மீள்கின்றோம். வலம் வருங்கால், கருவறையின் புறச்சுவரில் பொறித்துள்ள எழுத்துகளைச் சற்றே நின்று நோக்குவோர் மிகச் சிலர். அவை வெறும் கீறல்கள் அல்ல. நமக்கு முன்னே வந்து தொழுத அடியார்கள் இறைவன் திருமுன் எழுதி வைத்த அறங்கள்.

இவ்வுண்மையை நன்கு உணர்த்தும் தலம் திருக்கோடிகா. தஞ்சை மாவட்டத்தில், காவிரியின் வடகரையில், இன்று திருக்கோடிக்காவல் என வழங்கும் இவ்வூர், நாவுக்கரசர் பெருமான் பாடிப் பரவிய பழம்பதி. இங்கு நாம் காணும் கற்றளி செம்பியன் மாதேவியாரின் திருப்பணி ஆகும். அவ்வம்மையார் கண்டராதித்த சோழரின் தேவியார். உத்தம சோழரை ஈன்ற தாயார். தில்லைக் கூத்தன்மீது கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பா, ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. கணவர் மறைந்த பின் பல்லாண்டுகள் வாழ்ந்த அம்மையார், சோழ நாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில் கணவர் பெயரால் கோயில் எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடும் திருவுருவையும் செதுக்குவித்தார்.

திருக்கோடிகாவில் அவர் செய்தது அதனினும் நுட்பமான தொண்டு. முன்பிருந்த கோயிலின் கற்களில், 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலம் முதலான கொடைகள் வெட்டப்பட்டிருந்தன. கோயிலைப் புதுக்கினால் அக்கற்கள் பயனற்றுப் போகும். எழுதியவர் அறமும் மறக்கப்படும். ஆதலின், உத்தம சோழர் ஆட்சியில் (971–985) புதிய தளி எழுந்தபோது, பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார். பழங்கல்லினின்று எடுத்த படி என்ற குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது.

பல்லவரை வென்றன்றோ சோழர் பேரரசு கண்டனர்? எனினும் பல்லவர் காலத்து அறத்தைச் சோழர் குலத்துத் தேவியார் அழியவிடவில்லை. அறம் ஈந்தவர் எக்குலத்தவராயினும் ஏற்றவன் இறைவன் ஒருவனே என்று அவர் கருதினார் போலும்!

ஒரு நந்தா விளக்குக்காக 90 அல்லது 96 ஆடுகளை அளித்து, அதனைக் கல்லில் வெட்டுவித்தல் அக்காலத்து வழக்கம். விளக்கு இன்று அணைந்திருக்கலாம். ஆனால் அவ்வெழுத்து உள்ளவரை ஈந்தவர் அன்பு அணையவில்லை.

நம் காலத்திலும் குடமுழுக்குத் திருப்பணிகள் நிகழ்கின்றன. சுவரைப் பொலிவிக்கும் ஆர்வத்தால் மணலை வேகமாகப் பீய்ச்சித் துலக்கியும், வண்ணம் பூசியும், கற்களை இடம் மாற்றியும் எத்தனையோ சாசனங்களைச் சில இடங்களில் இழந்துவிட்டோம். பொருள் ஈயும் அன்பர்களும் பணி செய்வோரும், கல்லில் கை வைக்குமுன் கல்வெட்டறிஞரை அழைத்துப் படியெடுப்பித்தல் வேண்டும். புதியது செய்வது திருப்பணி. பழையதைக் காப்பதும் திருப்பணியே. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே ஒரு பெருந்தேவி காட்டிய இந்நெறியில் நாமும் நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.