தறியட்டை முதல் கட்டளைக் கட்டை வரை



சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டில், 1996-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகள் பல காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளரின் வீடு. சிறுவர்க்கான கணிப்பொறிக் கருவிகளின் வரலாற்றை அவ்வீட்டு வாசலிலிருந்து தொடங்குவதே முறையென்று நான் கருதுகிறேன்.

காரணம் இது. 1804-இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த முறைப்படி, துளையிட்ட அட்டைகள் தறிக்குக் கட்டளையிடுகின்றன. துளையுள்ள இடத்தில் பாவு நூல் எழும். இல்லாத இடத்தில் எழாது. காஞ்சித் தறிகளிலும் இவ்வட்டைகள் புகுந்தன. அட்டையில் பொறித்த கட்டளை, பட்டிலே கரையாகவும் புட்டாவாகவும் மலர்ந்தது.

இவ்வாற்றலைக் குழந்தைகளுக்கும் அளிக்க விரும்பினர் சிலர். 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் லோகோ என்னும் கணிமொழியைப் படைத்தனர். சில ஆண்டுகளில், அதன் கட்டளைப்படி தரையில் ஊர்ந்து கோடு வரையும் ‘ஆமை’ இயந்திரமும் வந்தது. 2007-இல் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் ஸ்க்ராட்சை வெளியிட்டனர். அதிலே கட்டளைகள் வண்ணக் கட்டைகளாயின. பொருந்தாத கட்டைகள் ஒன்றோடொன்று இணையா. ஆகவே எழுத்துப் பிழையால் இளம் உள்ளம் சோர்வதில்லை.

2019 ஜனவரியில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, ‘நீட்சி’ என்னும் வாயிலை அகலத் திறந்தது. ஒரு நீட்சியைச் சேர்த்தால் மைக்ரோபிட் என்னும் சிறு பலகைக்குரிய கட்டைகள் வந்து நிற்கும். பலகையை அசைத்தால் திரையிலுள்ள பூனை துள்ளும். மற்றொன்றைச் சேர்த்தால், தொலைவிலுள்ள மொழிபெயர்ப்புச் சேவையிடம் ஒரு சொல்லை அனுப்பி விடை பெறலாம். குழந்தை காண்பது ஒரே வடிவான கட்டைதான். அதன் பின்னே உழைப்பவை வெவ்வேறு.

இங்கேதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஒளியையும் ஒலியையும் உணரும் பைக்கோபோர்டு என்னும் பலகை முந்தைய பதிப்புகளோடு இயங்கியது. மூன்றாம் பதிப்பில் அதற்கு இடமில்லை. பலகை பழுதாகவில்லை, அதனோடு பேசும் கட்டைதான் இல்லாமற் போயிற்று. இரண்டாம் பதிப்புக்கு ஆதாரமாயிருந்த ஃபிளாஷ் மென்பொருளும் 2020 இறுதியில் ஆதரவிழந்தது. தறியும் அட்டையும் நெசவாளர் வீட்டுக்குள்ளேயே இருந்தன. நீட்சியின் உயிரோ பல வேளைகளில் பிறர் கையில் இருக்கிறது.

2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஸ்க்ராட்ச் இடம்பெற்றது. ஆகவே இது நம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் உரிய செய்தி. இணையம் எட்டாத வகுப்பறையில், தொலைச்சேவையை நம்பிய நிரல் பாதியில் நின்றுவிடும். ஒரு கட்டையை எடுக்கும்போதெல்லாம், இதற்குக் கீழ்ப்படிவது என் கணிப்பொறியா, இணைத்த கருவியா, தொலைவிலுள்ள நிறுவனமா என்று கேளுங்கள். நிரலின் அடிப்படை வேலையை உங்கள் கணிப்பொறியே செய்யுமாறு அமையுங்கள். நீட்சியை அதன்மேல் ஏற்றுங்கள். சேவை ஒருநாள் நின்றாலும், நீங்கள் கற்ற கல்வி நிற்காது.