வீட்டு நீரை அளந்த வரலாறு

நெல்லைக் கொத்தாலும் பொன்னை மஞ்சாடியாலும் அளந்து வழங்கிய மக்கள், நீரை மட்டும் நெடுங்காலம் அளக்காமலே வழங்கினர். வானம் தருவதற்குக் கணக்கெதற்கு என்னும் எண்ணம் அதற்குக் காரணமாகலாம். ஆயின் ஊர்கள் நகரங்களாகி, ஒருவன் மிகையாகக் கொள்ளும் நீர் மற்றொருவன் குடத்தைக் காலியாக்கும் நிலை தோன்றியபோது, அளவும் உடன் தோன்றியது.

இவ்வளவையின் வரலாற்றில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது பண்டைய உரோமாபுரி. கி.மு. 312இல் அப்பியஸ் குளோடியஸ் என்பான் அந்நகருக்கு முதற் கால்வாயை அமைத்தான். கி.பி. 97இல், நேர்வா மன்னன் புரொன்ரினஸ் என்பாரை நீர்க் காவல் அதிகாரியாக நியமித்தபோது ஒன்பது கால்வாய்கள் நகருக்கு நீர் கொணர்ந்தன. பிரித்தானியாவில் ஆளுநராக இருந்து புகழ்பெற்ற இவர், பதவியேற்றதும் முதலிற் புரட்டியது கணக்கேடுகளையே. ஏடுகளின்படி வந்த நீர் 12,755 குயினாரியா; பகிர்ந்தளித்த நீரோ 14,018 குயினாரியா. வரவினும் செலவு மிகுந்த இவ்விந்தை அவரது ஐயத்தைக் கிளப்பியது. அவர் கால்வாய்களின் தலைப்புக்களுக்கே சென்று அளந்தார். ஆங்கு வந்த நீர் ஏடு கூறியதினும் மிகப் பெரிதாயிருந்தது. இடையிலே நிலத்தடிக் குழாய்களைத் துளைத்து நீரை விற்ற ஊழியரின் களவும் வெளிப்பட்டது.

குயினாரியா என்பது ஒன்றேகால் விரல் விட்டமுள்ள குழாயின் வாயளவு. அரசன் ஆணைபெற்ற வீட்டிற்கு முத்திரையிட்ட வெண்கல வாய்க்குழல் ஒன்று பொருத்தப்பட்டது. அவ்வுரிமை வாரிசுக்கோ வீட்டை வாங்கியவனுக்கோ செல்லாது. வீட்டில் நீர் பெறாத பெருந்தொகையான மக்கள் தெருத் தொட்டிகளிலிருந்து சுமந்து சென்றனர். எனினும் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. வாயின் பரப்பு அளக்கப்பட்டதேயன்றி, நீரின் வேகம் அளக்கப்படவில்லை. விரைந்து வரும் நீர் அதே வாயால் மிகுதியாகப் பாயும் என்பதைப் புரொன்ரினஸ் உணர்ந்திருந்தும், அதனைக் கணக்கிற் சேர்க்கும் வழியை அறிந்திலர். ஆதலின் அவர் கண்ட வேறுபாடு முழுவதும் களவின் பயனன்று. அளவையின் குறைபாடும் அதிற் கலந்திருந்தது எனல் பொருந்தும்.

அக்குறை நீங்கப் பல நூற்றாண்டுகள் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பாயும் நீரே ஒரு சக்கரத்தையோ ஆடுதண்டையோ இயக்க, பற்சக்கரங்கள் அவ்வியக்கத்தை எண்ணிக் காட்டும் நீர்மானிகள் ஐரோப்பாவில் வழக்கிற்கு வந்தன. 1873ஆம் ஆண்டளவில் லிவர்பூல் நகரப் பொறியியலாளர் டீக்கன் ஒரு பகுதியின் நீரோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் கருவியை அமைத்தார். ஊர் உறங்கும் நள்ளிரவிலும் நீர் ஓடுமாயின், அது பெரும்பாலும் ஒழுக்கே என்பது அவர் கண்ட எளிய உண்மை. இன்று ஒரு வீட்டார் குழாய்களையெல்லாம் பூட்டி, இரவில் மானியின் எண்ணைக் குறித்து, காலையில் ஒப்பிட்டு நோக்குவதும் அதே உண்மையின் வழியதே. ஆயினும் இங்கிலாந்தின் வீடுகள் மிகப்பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரையும் நீர்க் கட்டணம் வீட்டின் மதிப்பைப் பொறுத்தே விதிக்கப்பட்டது. சிக்கனமாக வாழ்ந்தவனும் வீணாக்கியவனும் ஒரே தொகை செலுத்தினர்.

அளவை ஒரு நகரைக் காத்த வரலாறு அண்மைக்காலத்தது. தொடர்ந்து மழை பொய்த்தமையால் தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரம், குழாய்கள் வறளும் நாளை எதிர்நோக்கி நின்றது. 2018 பெப்ரவரி 1ஆம் நாள் முதல் ஆளொன்றுக்கு நாளொன்றிற்கு 50 இலீற்றர் என வரையறுக்கப்பட்டது. குளித்த நீரை வாளியிலேந்திக் கழிப்பறைக்கு ஊற்றினர். இல்லந்தோறும் மானியின் எண் நோக்கப்பட்டது. எல்லையுள் நின்ற வீடுகளை நகராட்சி தேசப்படத்திற் பச்சைப் புள்ளிகளாற் காட்டியது. அந்நாள் வாராமலே ஒழிந்தது. அரசின் ஆணையொன்றே இதனைச் செய்ததன்று. ஒவ்வொரு வீடும் தன் கணக்கைத் தானே அறிந்தமையும் இதற்குத் துணைநின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு இவ்வரலாறு புறத்தேயுள்ளதன்று. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத இந்நிலத்தில், வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக் கற்பாறையினுள் இறங்கி, கடலின் உவர்நீர்மீது நன்னீராய் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்தின்மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட விதி. எனவே மேலே ஓரடி குறையின், காலப்போக்கிற் கீழே உவர்நீர் நாற்பதடி ஏறும். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாயுள்ள நிலாவரைக் கிணறு இதற்குச் சான்று.

துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்த காலத்தில் மனிதனின் உடலே மானியாயிருந்தது. களைத்த கால் போதும் என்றது. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. போதும் என்று சொல்வதுமில்லை. அச்சொல்லை இனி வீட்டார் எழுதும் கணக்கே சொல்லவேண்டும். புரொன்ரினஸ் ஏட்டைப் புரட்டியதோடு அமையாது ஊற்றுக்கண்வரை சென்று அளந்தார். கிணற்றை முற்றத்திலேயே வைத்திருப்பவர்க்கு அத்துணைத் தூரம் செல்லவேண்டியதில்லை. மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தல், தொட்டி நாளொன்றிற்கு எத்தனை முறை நிரம்புகின்றதென எண்ணுதல் என்னும் இவ்விரண்டும் மாணவன் ஒருவனாலும் ஆகும் காரியமே. கடல் உள்ளே வந்தபின் எழுதும் கணக்கு வரலாறாகும். வருமுன் எழுதும் கணக்கே காவலாகும்.