ஐ.ஆர். 20ம் ஒரு பாக்டீரியாவும்

எங்க கொருக்குப்பேட்டைக்கு நெல் வராது, அரிசி மூட்டைதான் வரும். அதனால நெல்லுக்கு என்ன நோய் வரும்னு நான் யோசிச்சதே இல்லை. பி.காம் படிக்கிறவனுக்கு இது எதுக்குன்னு கேட்காதீங்க, கடைசியில கணக்குதான் வருது.

1884ல் ஜப்பானின் ஃபுகுவோகா விவசாயிகள் நெல் இலை ஓரம் வெளுத்துக் காய்வதைக் கவனித்தார்கள். பாக்டீரியா இலைக்கருகல் நோய். காரணம் சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற கிருமி. இந்தியாவில் 1963ல் பீகாரின் ஷாஹாபாத் மாவட்டத்தில் பெரிதாகப் பரவியது. அதன்பின் வந்த தைச்சுங் நேட்டிவ் 1, ஐ.ஆர். 8 இரண்டும் விளைச்சலில் புலி, இந்த நோய்க்கு முன்னால் எலி.

1969ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 20ஐ வெளியிட்டது. (பாட்டியைக் கேளுங்கள், இந்த அரிசியைத் தெரிந்திருக்கும்.) அதில் எக்ஸ்ஏ4 என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது. அடுத்து வந்த பல ரகங்களிலும் அதே மரபணுதான். சிக்கல் இங்கேதான். கிருமி ஒரே ஆள் இல்லை. ஒரே பெயருக்குள் மரபணுவில் வேறுபட்ட பல இனங்கள். பிலிப்பைன்ஸ் வயல்களில் முதலில் அதிகம் இருந்தது 1ம் இனம், அதை எக்ஸ்ஏ4 அடக்கியது. எங்கு பார்த்தாலும் எக்ஸ்ஏ4 பயிர் நின்றதும், அதற்கு மசியாத 2ம் இனம் 1970களில் பெருகிவிட்டது. அதன் போட்டியாளரை நாமே ஒழித்துக் கொடுத்தோம்!

2008ல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் சம்பா மசூரியில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 மூன்றையும் சேர்த்து வெளியிட்டார்கள். ஒரு பூட்டைத் திறக்கும் கிருமி கிடைக்கலாம், மூன்றையும் சேர்த்துத் திறப்பது அபூர்வம். மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்த எக்ஸ்ஏ21ஐத் தனியாக வைத்தால், அதையும் தாண்டும் இனங்கள் இந்திய வயல்களிலேயே உண்டு.