மீன் தொட்டி நீரின் நாடி



வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள் நான்கைந்து வண்ண மீன்கள். காண்போருக்கு இது வெறும் பொழுதுபோக்கு. ஆனால் அத்தொட்டி நீரின் புளிப்பையும் காரத்தையும் அளந்தறிவதற்கு, அறிஞர் உலகம் பல தலைமுறைகள் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அது மீன் வளர்ப்போருக்குப் புகட்டும் பாடத்தையும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அமிலமும் காரமும் நிறத்தை மாற்றும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறது அல்லவா? அதே உண்மையை ஆராய்ச்சி முறையாக்கியவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ராபர்ட் பாயில். நிறங்களைப் பற்றி 1664-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், வயலட் மலர்ச் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை அவர் விளக்கினார். ஆயினும், நிறம் ‘இது அமிலம்’ என்று சொல்லுமேயன்றி, ‘இவ்வளவு அமிலம்’ என்று துல்லியமாகச் சொல்லாது.

இனி மீன் தொட்டிக்கு வருவோம். லண்டன் மாநகரில் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாராக விளங்கியவர் ராபர்ட் வாரிங்டன். இரண்டு பொன்மீன்களையும், வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் அவர் ஒரே தொட்டியில் இட்டார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி கொள்ளும். செடி தரும் பிராணவாயுவை மீன் கொள்ளும் என்பது அவர் கருத்து. ஆனால் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவற்றைத் தின்பதற்கு நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. மூன்று உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நின்ற அச்சோதனையை அவர் 1850-ஆம் ஆண்டு வெளியிட்டார். 1853-ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிசாலை மீன்களுக்கெனத் தனி மாளிகை திறந்தது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்ததும், மீன் தொட்டி வீடுதோறும் புகத் தொடங்கியது.

நீரின் அமிலத்திற்கு ஓர் எண் கிடைத்ததோ மீன் வளர்ப்போரால் அன்று. மது வடிப்பாலையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தால்! டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடம் 1875-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அங்கே வேதியியல் பகுதிக்குத் தலைவராயிருந்த சோரன்சன், நொதிகளின் செயல் அமிலத்தின் அளவைப் பெரிதும் பொறுத்திருப்பதைக் கண்டார். எனவே ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் குறிக்க எளிய எண் ஒன்று வேண்டினார். 1909-ஆம் ஆண்டு அவர் வகுத்த அந்த எண்ணே ‘பி.எச்.’ என்பது. அதே 1909-இல் நம் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது என்பது நினைவில் வைக்கத்தக்க பொருத்தம்.

அவ்வெண்ணை விளங்கிக்கொள்வது கடினமன்று. தூய நீரில் லிட்டருக்கு ஒரு மோலில் கோடியில் ஒரு பங்கு ஹைட்ரஜன் அயனி உள்ளது. ஒரு கோடிக்கு ஏழு சுழியங்கள். ஆகவே அந்நீரின் எண் 7. அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். இங்கே ஒன்றை மறவாதீர்கள். எண் 7-லிருந்து 6-க்கு இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. 5-க்கு இறங்கினால் நூறு மடங்கு! ஏட்டில் ஒரு படி என்று தோன்றுவது மீனின் செவுளுக்கு ஒரு மலைச்சரிவு.

1934-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்க மின்கருவி ஒன்றை அமைத்தார். பின்னர் அத்தகைய கருவிகளும் சோதனைத் துளிகளும் மலிந்தன. இன்று ஒரு மாணவனும் தன் தொட்டியின் எண்ணை நொடிப்பொழுதில் அறியலாம். அறிந்தவுடன், ‘இதை 7-க்குக் கொண்டுவந்தே தீர்வேன்’ என்று கடையில் விற்கும் அமிலத் துளியைக் கையில் எடுக்கிறான். இங்கேதான் இடர் தொடங்குகிறது.

நான் செய்து பார்த்த எளிய சோதனை ஒன்றைக் கூறுகிறேன். ஒரு கிண்ணத்தில் மழைநீரும், மற்றொன்றில் கடினமான கிணற்று நீரும் வைத்து, இரண்டிலும் சிறிது சிறிதாக எலுமிச்சைச் சாறு விட்டேன். மழைநீரின் எண் முதற் சில துளிகளிலேயே சரிந்தது. கிணற்று நீரின் எண்ணோ எளிதில் அசையவில்லை. காரணம், அதில் கரைந்துள்ள பைகார்பனேட்டு உப்புகள் அமிலத்தை ஏற்று அடக்கிக்கொள்கின்றன. இப்பண்பைத் ‘தாங்கல்’ என்பர். மழை வெள்ளத்தைத் தேக்கி ஊரைக் காக்கும் சிற்றேரிக்கும் தாங்கல் என்றே பெயர். என்ன பொருத்தமான சொல்!

அமிலத் துளி விட்டதும் தொட்டியில் நிகழ்வது யாது? பைகார்பனேட்டு சிதைந்து கரியமில வாயு எழுகிறது, எண் இறங்குகிறது. வாயு வெளியேறியதும் எண் மீண்டும் ஏறுகிறது. மறுநாளும் துளி, மறுநாளும் ஏற்றம். மீன்கள் ஊஞ்சலில் ஏற்றிய நோயாளிபோல் அல்லலுறுகின்றன. இறுதியில் தாங்கல் வற்றிவிட்ட அன்று, வழக்கமான அளவே விட்டாலும் எண் பாதாளத்துக்குச் சரிகிறது.

எண்ணைத் திடீரென உயர்த்துவதும் கேடே. பழைய தொட்டிகளில் கழிவுகளை மாற்றும் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கி, எண்ணை மெல்லக் குறைத்துவிடும். எண் மிகத் தாழ்ந்தால் அந்நுண்ணுயிர்களின் வேலையும் தளரும்; அம்மோனியா சேரும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனிய அயனியாக அடங்கிக் கிடக்கும். அந்நீரைச் சோடா உப்பால் 7-லிருந்து 8-க்கு ஏற்றிவிட்டால், நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. எண் அழகாக இருக்கும், மீன்கள் மிதக்கும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? முதலில் தாங்கலை அறிக. பிறகு எண்ணைப் பார்க்க. எண் தாழ்ந்திருந்தால், வாரந்தோறும் சிறு பங்கு நீரை மாற்றுக; வடிகட்டியில் சிறிது கிளிஞ்சலோ பவளத்துண்டோ இடுக. அது வேண்டியபோது வேண்டிய அளவே கரையும். எண்ணைக் குறைக்க வேண்டுமாயின், தூய மழைநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து முதலில் தாங்கலைக் குறைக்க வேண்டும். நன்கு ஊறவைத்த மரத்துண்டும், காய்ந்த நாட்டு வாதுமை இலையும் அதற்குத் துணைசெய்யும்.

மாற்றம் வேண்டுமா என்பதையும் முதலில் எண்ணுக. அமேசான் காட்டோடையில் தோன்றிய நியான் டெட்ரா மென்மையான அமில நீரை விரும்பும். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீனோ 9-ஐ ஒட்டிய கார நீரில் வாழ்வது. இவ்விரண்டையும் ஒரு தொட்டியில் இட்டுவிட்டு எண்ணைத் திருத்துவதில் பயன் இல்லை. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்து நம் நீருக்குப் பழகியவை. அவற்றுக்கு ஏட்டில் கண்ட எண்ணைவிட, நாளும் மாறாத நீரே நலம்.

பி.எச். என்பது நீரின் நாடி. நாடி துள்ளினால், நல்ல மருத்துவர் மணிக்கட்டை இறுகப் பிடித்து அதை நிறுத்த முயல்வதில்லை. உடலின் நிலையை ஆராய்கிறார். சோரன்சன் நமக்கு எண்ணைத் தந்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வாரிங்டனின் நத்தைகள், அவ்வெண்ணின் பின்னால் இயங்கும் உயிர்ச் சமநிலையைக் காட்டிவிட்டன. இரண்டையும் சேர்த்துக் கற்றவனிடம் மீன்கள் நெடுநாள் வாழும்.