திண்ணைப் பள்ளியின் நினைவுப் பயிற்சியும் மூளையறிவியலும்

மூளையறிவியலின் துணைகொண்டு வகுப்பறைக் கற்பித்தலைச் செம்மைப்படுத்தலாம் என்னும் கருத்து, புலம்பெயர் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர் பயிற்சிகளிலும் இன்று ஒலிக்கின்றது. இக்கருத்தின் வரலாற்றில் ஏமாற்றங்கள் மிகுதி. 1993இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்த சிற்றாய்வொன்று, மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின் கல்லூரி மாணவர் 36 பேர் இடஞ்சார் சிந்தனைத் தேர்வில் மேம்பட்டனர் என்றது. அவ்விளைவு கால்மணி நேரத்துக்குமேல் நில்லாது என்பதையும் சேர்த்தே கூறிற்று. ஆயினும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அரசுச் செலவில் செவ்வியல் இசைப்பதிவு வழங்க முன்மொழிந்தார். நரம்பணு ஆய்விலிருந்து வகுப்பறைக்கு நேராகப் பாலம் அமைத்தல் இயலாது, இடையில் அறிதல் உளவியல் வேண்டும் என்று ஜான் புரூயர் 1997லேயே எழுதியிருந்தார்.

புரூயரின் கூற்று பெரிதும் பொருத்தமானதே. வகுப்பறைக்கு உறுதியாகப் பயன்பட்ட முடிவுகள் இரண்டும் மூளைப்படக் கருவியின்றியே கண்டறியப்பட்டவை. பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து தம் மறதியை அளந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ், ஒரே அமர்வில் பன்முறை ஓதுதலினும் பல நாள்களுக்குப் பகிர்ந்து ஓதுதல் நிலைக்கும் என 1885இல் நிறுவினார். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவரிடம் உரைப்பகுதி ஒன்றைக் கொடுத்தனர். ஒரு பிரிவினர் அதனை நான்கு அமர்வுகளிலும் படித்தனர். மற்றொரு பிரிவினர் ஓர் அமர்வில் படித்து, மூன்று அமர்வுகளில் பாராமல் நினைவுகூர்ந்தனர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது முன்னவர் 83 விழுக்காடும் பின்னவர் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்துக்குப் பின்னரோ முன்னவர் 40, பின்னவர் 61. உடனடி வெற்றி ஆசிரியரையும் மாணவரையும் ஒருங்கே ஏமாற்றவல்லது.

இங்குத் தமிழ்க் கல்வி வரலாறு நினைவுக்கு வருதல் இயல்பே. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் திண்ணைப் பள்ளி வழக்கமொன்றைப் பதிந்துள்ளார். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில் உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை என ஒரு பெயரைச் சொல்லியனுப்புவார். மறுநாள் காலையில் அதனை மறவாது வந்து கூறவேண்டும். ஓர் இரவு இடைவெளி, ஏட்டின் துணையில்லா மீட்பு: ஆய்வுக்கூடம் பின்னர் பிரித்தறிந்த இரு கூறுகளும் இதனுள் உள்ளன. எண்சுவடியை நாள்தோறும் முறைவைத்து ஒப்பித்ததும் இவ்வகையினதே.

அயலார் கண்ணில் பட்டவை வேறு. 1789இல் சென்னை ஆண் அநாதைக் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் புகுத்த ஆசிரியர்கள் இணங்காமையால் மாணவன் ஒருவனையே கற்பிக்கச் செய்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின்வழி இது 'மதராஸ் முறை' எனப் பரவிற்று. குறைந்த செலவில் பலருக்குக் கற்பிக்க உதவிய மணலும் மாணவ ஆசிரியனும் கடல் கடந்தன. நினைவுப் பயிற்சியோ, குடியேற்ற ஆட்சியின் கல்வி அறிக்கைகளில் வெறும் மனப்பாடம் என்னும் இகழ்ச்சிக்கு உள்ளாயிற்று.

இதனால் நம் முன்னோர் நரம்பறிவியல் அறிந்திருந்தனர் என முழங்குதல் தகாது. இத்தகைய மாநாடுகளில் அம்முழக்கத்துக்குக் குறைவில்லை என்பதால் இதனை அழுத்திக் கூறுகின்றேன். திண்ணை உபாத்தியாயர் நெடும் பயிற்சியால் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டார். அதன் காரணத்தை ஆராயவில்லை. கையைக் கட்டித் தொங்கவிடும் கோதண்டமும் அதே திண்ணையில்தான் இருந்தது. சாதியாலும் பாலாலும் விலக்கப்பட்ட பெரும்பான்மையோர்க்கு அத்திண்ணை எட்டவும் இல்லை.

கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வார இறுதியில் சில மணி நேரமே நடைபெறும் தமிழ் வகுப்புகளுக்கு இவ்வரலாறு நேரே தொடர்புடையது. ஒரு வார இடைவெளி அங்குத் தானே அமைகின்றது. மீட்பே பெரும்பாலும் இல்லை. பாடம் முடிந்தவுடன் சொல்வதெழுதுதல் வைத்து மதிப்பெண் இடுகின்றோம். அது ஐந்து நிமிடத் தேர்வையே ஒத்தது. அடுத்த வாரம் அடுத்த பாடம் தொடங்கிவிடுகின்றது. வீட்டில் வேற்றுமொழி பேசும் குழந்தை, மூன்று வாரத்துக்கு முன் கற்ற சொல்லை ஆண்டுத் தேர்வு வரை ஒருமுறையும் தேடி எடுப்பதில்லை. வகுப்பின் முதற் பத்து நிமிடத்தில், நூலை மூடிவைத்து, சென்ற வாரத்துச் சொற்களையும் சென்ற மாதத்துச் சொற்களையும் மதிப்பெண்ணின்றிக் கேட்டல் போதும். இதற்குக் கருவியும் வேண்டா, கோதண்டமும் வேண்டா.