தமனகன் சென்ற இரு வழிகள்

கோலா தெர்லாவிலும் அதனை அடுத்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் பயிலும் நம் பிள்ளைகள், சிங்கத்திற்கும் எருதிற்கும் இடையே பகை மூட்டிய தமனகன் என்னும் நரியின் கதையைக் கேட்டிருப்பர். பஞ்சதந்திரத்தின் முதற்பகுதியாகிய மித்திரபேதம் அது. அக்கதை ஆங்கிலத்திற்குச் சென்ற வழியையும் மலாய் மொழிக்கு வந்த வழியையும் ஒருங்கே வைத்து நோக்குவோம்.

வடமொழிப் பஞ்சதந்திரத்தை 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வான் காலத்தில் புர்சோய் என்னும் மருத்துவர் பஹ்லவி மொழியில் பெயர்த்தார். 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அதனை அரபியாக்கினார். கரடகனும் தமனகனும் கலீலா, திம்னா ஆயினர். அரபியிலிருந்து எபிரேயத்திற்கும், 13ஆம் நூற்றாண்டில் எபிரேயத்திலிருந்து இலத்தீனுக்கும் நூல் சென்றது. அம்மரபைத் தழுவி 1552இல் தோனி என்பார் இத்தாலிய மொழியில் எழுதினார். அதனை 1570இல் தாமஸ் நார்த் ஆங்கிலமாக்கினார். சேக்சுபியர் தம் ரோமானிய நாடகங்களுக்குத் துணைக்கொண்ட புளூட்டார்க்கின் வரலாற்று நூலைப் பின்னர் மொழிபெயர்த்தவரும் இவரே.

இத்தனை கைகள் மாறியதால் நரிகள் நரிகளாக நிலைக்கவில்லை. நார்த்தின் நூலில் தமனகன் கோவேறு கழுதையாகவும் கரடகன் கழுதையாகவும் காட்சி தருகின்றனர். எனினும், நூல் முதலில் இந்திய மொழியில் இயற்றப்பட்டது என்பதை அதன் முகப்பேடே ஒப்புக்கொள்கிறது. வேடம் மாறினும் மூலம் மறக்கப்படவில்லை. பஞ்சதந்திரத்தின் வழிநூலாகிய இதோபதேசத்தைச் சார்லஸ் வில்கின்சு வடமொழியிலிருந்தே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது 1787இல். இடையில் 217 ஆண்டுகள் கடந்திருந்தன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அரபு மரபில் வந்த கலீலா, திம்னா கதைகளை மலாய் மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, 1835இல் தமிழ்ப் பஞ்சதந்திரத்தை மலாய் மொழியில் பெயர்த்து, ‘ஹிக்காயாட் பஞ்ச தந்திரன்’ எனப் பெயரிட்டார். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து குடியேறியவர். மலாக்காவின் வசதி படைத்த குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்க அனுப்புவது வழக்கம் என்றும், கணக்கு வழக்கிற்கு அது பயன்பட்டது என்றும், தாமும் அவ்வாறே கற்றதாகவும் அவர் தம் வரலாற்றில் கூறுகிறார்.

இலண்டனுக்குப் பல மொழிகளைக் கடந்து சென்ற கதை, மலாக்காவில் தமிழிலிருந்து நேரே மலாய்க்கு வந்தது. இதனை நாம் வீண்பெருமைக்காகக் கூறவில்லை. தமிழிலும் இக்கதை வடமொழி மரபிலிருந்து வந்ததே. தாண்டவராய முதலியாரின் 1826ஆம் ஆண்டுப் பஞ்சதந்திர வசனம் மராத்தியிலிருந்து பெயர்க்கப்பட்டது. பெற்றதைப் பிறர்க்கு வழங்கிய மொழி தமிழ் என்பதே நாம் உணரவேண்டுவது.

“தமிழ் படித்து என்ன பயன்?” என்னும் வினாவைத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று அடிக்கடி எதிர்கொள்கின்றனர். தேயிலைத் தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, தமிழரல்லாதாரும் விரும்பிக் கற்ற மொழியாகத் தமிழ் இம்மண்ணில் விளங்கிற்று. ஆசிரியர்கள் இக்கதையின் தமிழ், மலாய், ஆங்கில வடிவங்களை ஒரே வகுப்பில் அருகருகே வைத்துக் கற்பிப்பார்களாக. மூன்று மொழிகளும் கற்கும் நம் மாணவர்க்கு, அவ்வினாவிற்குரிய விடையை அக்கதையே உணர்த்தும்.